பாபின் யார்: 33,771 பேரும் ஐம்பது ஆண்டு மௌனமும்

நாஜி ஜெர்மனியின் இனப்படுகொலைக்குக் கொலையாளிகளே எழுதி வைத்த கணக்குகள் உண்டு. சோவியத் மண்ணில் இயங்கிய எஸ்.எஸ். கொலைப்படைகளின் செயல்பாடுகளைத் தொகுத்து பெர்லினில் வெளியான 101ஆம் எண் அறிக்கை அவற்றில் ஒன்று. 1941 அக்டோபர் 2ஆம் தேதியிட்ட அந்த அறிக்கை, கீவ் நகரில் செப்டம்பர் 29, 30 ஆகிய இரு நாள்களில் 33,771 யூதர்களைக் கொன்றதாகச் சொல்கிறது. யாரைக் கொன்றோம் என்பதைக் கொன்றவர்கள் தங்கள் மேலிடத்துக்கு ஒளிக்கவில்லை. ஆனால் நகரம் மீட்கப்பட்ட பிறகு, செத்தவர்கள் யூதர்கள் என்பதை அந்த இடத்தில் வெளிப்படையாகச் சொல்லும் நினைவுச்சின்னம் எழ 1991 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த மௌனம் தானாக வந்ததல்ல. அதை உருவாக்கியவர்களும் உண்டு, உடைத்தவர்களும் உண்டு. இரு தரப்பின் செயல்களையும் ஆவணங்களைக் கொண்டே தொடர முடியும்.

இரண்டு நாள்கள்

ஜெர்மானியப் படை 1941 செப்டம்பர் 19 அன்று கீவுக்குள் நுழைந்தது. ஐந்து நாள் கழித்து, பின்வாங்கிய சோவியத் தரப்பு முன்கூட்டியே புதைத்திருந்த கண்ணிவெடிகள் நகரின் முதன்மைச் சாலையான கிரெஷாத்திக்கில் வெடிக்கத் தொடங்கின. ஜெர்மானிய அதிகாரிகள் குடியேறியிருந்த கட்டடங்கள் இடிந்தன; தீ பல நாள் எரிந்தது. இதற்குப் பழிவாங்கல் என்ற பெயரில் யூதர்களைக் கொல்ல ராணுவ ஆளுநர் குர்ட் எபர்ஹார்டும் எஸ்.எஸ். தலைவர் ஃபிரீட்ரிஷ் யெக்கெல்னும் மற்றவர்களும் முடிவெடுத்தார்கள். குண்டுவெடிப்பு வெறும் சாக்குதான். அதற்கு ஒரு மாதம் முன்பே, ஆகஸ்ட் இறுதியில், காமியனெத்ஸ் போதில்ஸ்கி நகரில் யெக்கெல்னின் ஆட்கள் 23,600 யூதர்களைக் கொன்று முடித்திருந்தார்கள்.

செப்டம்பர் 28 அன்று ஏறத்தாழ 2,000 சுவரொட்டிகள் நகரெங்கும் ஒட்டப்பட்டன. மறுநாள் காலை எட்டு மணிக்கு யூதர்கள் அனைவரும் கல்லறைத் தோட்டங்களுக்கு அருகிலுள்ள ஒரு தெருமுனைக்கு வர வேண்டும், அடையாள ஆவணம், பணம், விலையுயர்ந்த பொருள், குளிருக்கான உடை ஆகியவற்றைக் கொண்டுவர வேண்டும், வராதவர்கள் சுடப்படுவார்கள் என்றது அறிவிப்பு. லுக்கியானிவ்கா சரக்கு ரயில் நிலையம் பக்கத்தில் இருந்ததால், வேறு ஊருக்கு ரயிலில் அனுப்பப் போகிறார்கள் என்றே பலரும் நம்பினார்கள். திடமான ஆண்களில் பெரும்பாலோர் போர்முனையில் இருந்தார்கள். எனவே அந்தத் திங்கட்கிழமை நடந்து வந்த கூட்டத்தில் பெண்களும் குழந்தைகளும் முதியவர்களும் நோயாளிகளுமே மிகுதி.

முதலில் மூட்டை முடிச்சுகளை இறக்கி வைக்கச் சொன்னார்கள். அடுத்து, தடியும் நாயுமாக இருபுறமும் நின்ற காவலர்களுக்கு நடுவே ஓடவிட்டார்கள். அதன்பின் உடைகளைக் களைய வைத்து, பாபின் யார் என்னும் மணற்பாங்கான பள்ளத்தாக்கின் விளிம்புக்குக் கொண்டுபோனார்கள். பவுல் புளோபெல் தலைமையிலான சோண்டர்கொமாண்டோ 4ஏ என்னும் எஸ்.எஸ். கொலைப்பிரிவும் ஜெர்மானியப் போலீஸ் பட்டாலியன்களும் கொலையை நடத்தின. உக்ரேனியத் துணைப் போலீசாரும் உடன் நின்றார்கள். கீவ் பொம்மலாட்ட அரங்கின் நடிகையான தீனா புரோனிச்சேவா, குண்டு பாய்வதற்கு முன்பே பள்ளத்தில் விழுந்தார். பிணங்களுக்கிடையே அசையாமல் கிடந்து, இருட்டிய பிறகு மேலேறித் தப்பினார். 1946 ஜனவரியில் கீவில் நடந்த போர்க்குற்ற விசாரணையில் அவர் அளித்த சாட்சியம், அந்த இரு நாள்களைப் பற்றி நமக்குக் கிடைத்துள்ள முதன்மையான ஆவணங்களில் ஒன்று.

படுகொலை அத்துடன் நிற்கவில்லை. ஆக்கிரமிப்பு நீடித்த இரண்டு ஆண்டுகளில் ரோமா மக்கள், சோவியத் போர்க்கைதிகள், மனநல மருத்துவமனை நோயாளிகள், உக்ரேனிய தேசியவாதிகள் எனப் பலரும் அங்கே கொல்லப்பட்டார்கள். மொத்த எண்ணிக்கையை ஆய்வாளர்கள் பலர் 70,000 முதல் 1,00,000 வரை மதிப்பிடுகிறார்கள்.

மூன்று அழிப்புகள்

முதல் அழிப்பைச் செய்தவர்கள் கொலையாளிகளே. 1943 ஆகஸ்டில், செஞ்சேனை நெருங்கி வந்த வேளையில், தடயங்களை அழிக்க அதே புளோபெல்லின் மேற்பார்வையில் வேலை தொடங்கியது. அருகிலிருந்த சிரெத்ஸ் வதைமுகாமின் கைதிகள் முந்நூறுக்கும் மேற்பட்டோரின் கால்களில் சங்கிலி பூட்டி, பிணங்களைத் தோண்டி எரிக்க வைத்தார்கள். யூதக் கல்லறைத் தோட்டத்திலிருந்து பெயர்த்த நடுகற்கள் சிதை மேடைகளாயின. வேலை முடிந்ததும் தங்களையும் கொல்வார்கள் என்பது கைதிகளுக்குத் தெரியும். குழிகளில் அகப்பட்ட பொருள்களிலிருந்து சாவிகளைப் பொறுக்கி, அவற்றில் ஒன்று தங்கள் கொட்டடியின் பூட்டுக்குப் பொருந்துவதைக் கண்டுபிடித்தார்கள். படுகொலையின் இரண்டாம் ஆண்டு நிறைவு நாளான 1943 செப்டம்பர் 29 அதிகாலையில் கதவைத் திறந்து ஓடினார்கள். பெரும்பாலோர் சுடப்பட்டார்கள், உயிர் பிழைத்தவர்கள் இருபதுக்கும் குறைவு. சாட்சிகளே இல்லாமல் செய்யும் திட்டம் அவர்களால் தோற்றது.

இரண்டாம் அழிப்பு காகிதத்தில் நடந்தது. 1943 நவம்பர் 6 அன்று கீவ் மீட்கப்பட்டது. நாஜிக் குற்றங்களை விசாரித்த சோவியத் அரசின் சிறப்பு ஆணையம் தயாரித்த வரைவில், யூதர்களை வரவழைத்துக் கொன்றது வெளிப்படையாக எழுதப்பட்டிருந்தது. மாஸ்கோவின் திருத்தங்களுக்குப் பின் 1944 தொடக்கத்தில் வெளியான அறிக்கையில், யூதர்கள் இருந்த இடத்தில் ‘அமைதியான சோவியத் குடிமக்கள்’ இருந்தார்கள். எல்லா மக்களும் துயருற்ற போரில் ஒரு பிரிவைத் தனித்துச் சொல்லக் கூடாது என்பது அரசின் நிலைப்பாடு. உக்ரைன் முழுவதும் துயருற்றது உண்மைதான். ஆனால் கைக்குழந்தைகள் உட்பட ஒரு நகரத்தின் யூதர்கள், யூதர்களாகப் பிறந்ததற்காகவே கொல்லப்பட்டார்கள் என்ற உண்மையை அந்தப் பொதுச்சொல் விழுங்கிவிட்டது. 1948இல், போர்க்காலத்தில் இயங்கிய யூத பாசிச எதிர்ப்புக் குழு கலைக்கப்பட்டது. எழுத்தாளர்கள் இலியா எரன்பர்கும் வசிலி குரோஸ்மனும் தொகுத்த படுகொலைச் சாட்சியங்களின் ‘கருப்புப் புத்தகம்’ அச்சேற விடாமல் தடுக்கப்பட்டது. ஸ்டாலின் ஆட்சியின் யூத எதிர்ப்புப் பிரச்சாரம் வலுத்த அந்த ஆண்டுகளில், பாபின் யாரில் நினைவுச்சின்னம் எழுப்பும் பேச்சும் அடங்கிப்போனது.

மூன்றாம் அழிப்பு மண்ணால் நடந்தது. 1950களில் நகர நிர்வாகம் பள்ளத்தாக்கையே மேடாக்க முடிவெடுத்தது. செங்கல் தொழிற்சாலைகளின் கழிவு மண்ணை நீரோடு கலந்து குழாய் வழியே ஆண்டுக்கணக்கில் கொட்டினார்கள். 1961 மார்ச் 13 அன்று காலை கரை உடைந்தது. சேற்றுப் பெருவெள்ளம் கீழேயிருந்த குரெனிவ்கா பகுதிக்குள் பாய்ந்து வீடுகளையும் டிராம் பணிமனையையும் மூடியது. 145 பேர் இறந்ததாக அரசு ஒப்புக்கொண்டது; உண்மை எண்ணிக்கை பல மடங்கு அதிகம் என்று பின்னர் ஆராய்ந்தவர்கள் கருதுகிறார்கள். அதன் பிறகும் நிரப்பும் பணி நிற்கவில்லை. அங்கே சாலையும் பூங்காவும் வந்தன.

எழுத்தாளர்களின் எதிர்ப்பு

அரசு வாய்திறக்காத இடத்தில் எழுத்தாளர்கள் பேசினார்கள். கீவ்வாசியான விக்தோர் நெக்ராசோவ், படுகொலைக் களத்தில் பூங்காவும் விளையாட்டரங்கும் அமைக்கும் திட்டத்தை எதிர்த்து 1959இல் ‘லித்தெரதூர்னயா கசெத்தா’ இதழில் எழுதினார். 1961 செப்டம்பரில் அதே இதழில் வெளியான பாபின் யார் பற்றிய யெவ்துஷென்கோவின் கவிதை உலகெங்கும் பேசப்பட்டது. அதற்கு இசை வடிவம் தந்த ஷோஸ்தகோவிச்சின் 13ஆவது சிம்பொனி 1962 டிசம்பரில் மாஸ்கோவில் அரங்கேறியது. அதிகாரிகளின் நெருக்குதலால் சில வரிகள் பின்னர் மாற்றப்பட்டன.

அனதோலி குஸ்னெத்சோவின் அனுபவம் தணிக்கையின் செயல்முறையையே கண்முன் வைக்கிறது. குரெனிவ்காவில் வளர்ந்த அவர், படுகொலை நடந்தபோது பன்னிரண்டு வயதுச் சிறுவன். அவருடைய ஆவண நாவலை ‘யூனஸ்த்’ இதழ் 1966இல் பெருமளவு வெட்டி வெளியிட்டது. 1969இல் லண்டனில் தஞ்சமடைந்த அவர், மறு ஆண்டு முழுப் பிரதியையும் வெளியிட்டார். தணிக்கையாளர்கள் நீக்கிய பகுதிகள் அதில் வேறு எழுத்துருவில் அச்சாயின. எதை மறைக்க அரசு விரும்பியது என்பதை வாசகர் பக்கத்துக்குப் பக்கம் பார்க்க முடிந்தது.

1966 செப்டம்பர் 29 அன்று, 25ஆம் ஆண்டு நிறைவில், அனுமதி எதுவும் இல்லாமல் மக்கள் பாபின் யாரில் திரண்டார்கள். நெக்ராசோவ் பேசினார். உக்ரேனிய விமர்சகர் இவான் தியூபா, யூத வெறுப்பை எதிர்ப்பது உக்ரேனியர்களின் கடமை என்று வலியுறுத்தினார். சில வாரங்களில், நினைவுச்சின்னம் எழுப்பப்படும் என்று அறிவிக்கும் கல் அங்கே நடப்பட்டது. பேசியவர்கள் அதற்குரிய விலையைப் பின்னர் கொடுத்தார்கள்: தியூபா 1972இல் கைதானார், நெக்ராசோவ் 1974இல் நாட்டைவிட்டு வெளியேற நேர்ந்தது. 1976இல் பிரம்மாண்டமான வெண்கலச் சிலைத் தொகுதி திறக்கப்பட்டபோதும் அதன் கல்வெட்டு குடிமக்களையும் போர்க்கைதிகளையும் மட்டுமே குறிப்பிட்டது.

சுதந்திரத்துக்குப் பின்

உக்ரைன் 1991 ஆகஸ்டில் சுதந்திரத்தை அறிவித்தது. அடுத்த மாதமே, படுகொலையின் 50ஆம் ஆண்டு நினைவு நாளில், மெனோரா எனப்படும் யூத விளக்குத்தண்டின் வடிவிலான சின்னம் அங்கே நிறுவப்பட்டது. அவ்வாண்டு நினைவு நிகழ்வில் பேசிய உக்ரைன் நாடாளுமன்றத் தலைவர் லியோனித் கிரவ்சுக், உக்ரேனியர்களுக்கும் இதில் பங்கு இருந்ததை ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டார். சோவியத் காலத்தில் நினைத்துப் பார்க்க முடியாத செயல் அது.

பிறகு சின்னங்கள் பெருகின. கொல்லப்பட்ட குழந்தைகளுக்கு 2001இல் ஒன்று, ரோமா மக்களுக்கு வண்டி வடிவில் 2016இல் ஒன்று, உக்ரேனிய தேசியவாதிகளுக்குத் தனியே சிலுவை. ஒவ்வொரு சமூகமும் தன் இறந்தவர்களுக்கு இடம் கேட்டது நியாயமே. ஆனால் யார் எப்போது, எந்த வரிசையில், எதற்காகக் கொல்லப்பட்டார்கள் என்று முழுக்கதையையும் சொல்லும் அருங்காட்சியகம் உருவாகவில்லை. 2016இல் தொடங்கிய நினைவு மையத் திட்டம், ரஷ்யாவுடன் தொடர்புள்ள தொழிலதிபர்களின் நன்கொடையால் கடும் சர்ச்சைக்குள்ளானது. 2022 மார்ச் 1 அன்று பக்கத்திலுள்ள தொலைக்காட்சிக் கோபுரத்தின்மீது ரஷ்ய ஏவுகணைகள் விழுந்து ஐந்து பேர் இறந்தார்கள்.

இன்றைய ஆய்வு இரண்டு திசைகளில் நகர்கிறது. ஒன்று, இடம்: மேடாகிப்போன பள்ளத்தாக்கின் பழைய வடிவத்தை நில அளவைப் படங்கள், ஜெர்மானிய விமானப்படங்கள் ஆகியவற்றிலிருந்து மீட்டெடுத்து, கொலை நடந்த பகுதியைக் குறிக்கிறார்கள். மற்றொன்று, பெயர்கள். ஜெருசலேமின் யாத் வஷேம் நிறுவனம் உறவினர்கள் நிரப்பித் தரும் படிவங்களைக் கொண்டு இறந்தோர் பட்டியலைத் திரட்டி வருகிறது. கீவில் பல குடும்பங்கள் மூன்று தலைமுறையும் ஒரே நாளில் அழிந்ததால், அவர்களுக்காகப் படிவம் நிரப்ப யாரும் மிஞ்சவில்லை. அவர்களின் பெயர்களைப் போருக்கு முந்தைய பதிவேடுகளில்தான் தேட வேண்டும். 33,771 என்ற எண் கொலையாளிகள் தந்தது. அதற்குப் பின்னாலிருக்கும் மனிதர்களின் பட்டியல் இன்னும் முழுமை பெறவில்லை.