முன்னிற்கும் சுழியம்: பாலக்காட்டுக் குறியீட்டெண்களின் வரலாறு

கோவை மாவட்டத்தை ஒட்டிய பாலக்காட்டு எல்லைப் பகுதியில் அமைந்துள்ள எலப்புள்ளி போன்ற ஊர்களின் பெயர்கள் தமிழிலும் மலையாளத்திலும் ஆங்கிலத்திலும் பலவாறாக எழுதப்படுவதால், ஒரு துறையின் அட்டவணையை மற்றொரு துறையின் அட்டவணையோடு இணைப்போர் பெயரை விட்டு எண்ணையே நம்ப வேண்டியிருக்கிறது. 2001ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு கேரளத்தின் 14 மாவட்டங்களுக்கும் வடக்கிலிருந்து தெற்காக ஈரிலக்க எண்களை வழங்கியது. அவ்வரிசையில் காசர்கோடு 01, பாலக்காடு 06, இடுக்கி 09 ஆயின.

06 என்பதில் உள்ள சுழியம் மதிப்பைக் கூட்டுவதில்லை. இடத்தை மட்டும் நிரப்புகிறது. 1890இல் அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஹெர்மன் ஹாலரித்தின் பொறிகள் அட்டைத் துளைகளைக் கொண்டு எண்ணத் தொடங்கின. 1928இல் ஐபிஎம் வெளியிட்ட அட்டையில் 80 நிரல்கள் இருந்தன. இன்ன விவரம் இத்தனையாவது நிரலிலிருந்து இத்தனையாவது நிரல் வரை என்று முன்னரே வகுக்கப்பட்டதால், ஓரிலக்க எண்ணுக்கு முன்னால் சுழியம் இட்டு அளவைச் சரிசெய்யும் வழக்கம் நிலைபெற்றது. அட்டைகள் மறைந்த பின்னரும் அந்த அகலம் அரசுக் குறியீடுகளில் தங்கிவிட்டது.

இந்த ஏற்பாட்டைக் குலைப்பது எக்செல் போன்ற விரிதாள். அது 06 என்பதை எண்ணாகக் கருதி 6 என்று சுருக்கிவிடுவதால், எழுத்துச்சரமாக உள்ள 06உடன் அது பொருந்துவதில்லை. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு மாநிலத்துக்கு 2, மாவட்டத்துக்கு 3, வட்டத்துக்கு 5, ஊருக்கு 6 இலக்கங்களை ஒதுக்கியது. இவற்றைச் சேர்த்தெழுதினால் கிடைக்கும் 16 இலக்க எண்ணை எண்ணாகவே உள்ளிட்டால், 15 இலக்கங்களுக்கு மேல் காக்காத எக்செல் கடைசி இலக்கத்தைச் சுழியமாக்கிவிடும்.

2013இல் எக்செலின் கூடுதல் கருவியாக வந்து, 2016ஆம் ஆண்டுப் பதிப்பில் அதன் உள்ளுறுப்பாகிவிட்ட பவர் குவெரியில், டெக்ஸ்ட்.பேட்ஸ்டார்ட் என்னும் கட்டளை முன்சுழியம் உதிரும் குறையை நீக்குகிறது. எழுத்துச்சரம், வேண்டிய நீளம், நிரப்பும் குறி ஆகிய மூன்றையும் பெற்று, குறையும் இடங்களை அது முன்பக்கத்தில் நிரப்புகிறது. நீளம் ஏற்கெனவே மிகுந்திருந்தால் எதையும் வெட்டுவதில்லை. எண்ணாக உள்ள மதிப்பை முதலில் எழுத்துச்சரமாக மாற்றிக்கொள்வது இன்றியமையாதது.

எனினும் எத்தனை இலக்கம் என்பதைக் கருவி அறியாது. அது குறியீட்டை வழங்கிய துறையின் வரலாற்றில் உள்ளது. 2011இல் மாவட்டங்கள் நாடு முழுவதற்கும் 001 முதல் 640 வரை ஒரே தொடராக எண்ணப்பட்டபோது பாலக்காடு 593, இடுக்கி 596 ஆயின. எனவே 2001இன் 6ஐ மூன்றிலக்கமாக நிரப்பினால் கிடைக்கும் 006 ஜம்முப் பகுதியின் ரஜௌரியைச் சுட்டும். போக்குவரத்துத் துறையோ வாகனப் பதிவுக்குத் தெற்கிலிருந்து வடக்காக எண்ணியதால், அங்கே இடுக்கி கே.எல். 06, பாலக்காடு கே.எல். 09. ஈரிலக்கமாகப் பிழையின்றி நிரப்பப்பட்ட இரு அட்டவணைகளும் எவ்வித எச்சரிக்கையுமின்றி இணைந்து, பாலக்காட்டின் மக்களை இடுக்கியின் வாகனங்களோடு சேர்த்துவிடும். நீளம் ஒத்திருப்பது இணைப்புக்கு முதல் நிபந்தனையே. எத்திசையிலிருந்து, எந்த ஆண்டில் எண்ணப்பட்டது என்பதே இரண்டாவது நிபந்தனை.