வடக்கனந்தலிலிருந்து சிங்கப்பூர் எவ்வளவு தூரம்?

சென்னை விமான நிலையத்திலிருந்து சிங்கப்பூர் சாங்கிக்கு வான்வழி சுமார் 2,900 கிலோமீட்டர். பறக்கும் நேரம் நான்கு, நான்கரை மணி. வடக்கனந்தலிலிருந்து சென்னைக்குச் சாலைவழி ஏறத்தாழ 260 கிலோமீட்டர்தான். ஆனால் கள்ளக்குறிச்சியில் பஸ் மாறிப் போய்ச் சேர ஆறு மணி நேரம் ஆகிவிடும். விமானப் பயணத்தின் வரலாற்றை எழுதுகிறவர்கள் முதல் கணக்கோடு நிறுத்திக்கொள்கிறார்கள். கல்வராயன் மலையடிவாரத்துக்காரருக்கு இரண்டாவது கணக்கும் சேர்ந்ததுதான் பயணம். நியாயமாக வரலாறும் அதுதான்.

கப்பல் காலத்தில் இந்த வேறுபாடு உறைக்கவில்லை. 1926இல் கட்டப்பட்ட ‘ரஜூலா’ கப்பல் சென்னையிலும் நாகப்பட்டினத்திலும் ஆட்களை ஏற்றிக்கொண்டு பினாங்கு வழியாகச் சிங்கப்பூர் சேர ஏறக்குறைய ஒரு வாரம் பிடித்தது. அதில் துறைமுகத்துக்குப் போக ஒரு நாள் கழிந்தால் யார் கணக்குப் பார்த்தார்கள்? விமானம் வந்த புதிதிலும் நிலைமை பெரிதாக மாறவில்லை. 1932 அக்டோபர் 15 அன்று ஜே.ஆர்.டி. டாடா கராச்சியிலிருந்து பம்பாய்க்கு விமானத்தில் கொண்டுவந்த தபாலை நெவில் வின்சென்ட் வாங்கிக்கொண்டு பறந்தார். பெல்லாரியில் இரவு தங்கி, மறுநாள்தான் சென்னையில் இறங்கினார். பயணிகளுக்கு அதில் இடமில்லை, கடிதங்களுக்கு மட்டுமே. வேகம்தானே நேரத்தைக் குறைத்தது, தரைவழியைக் குறை சொல்வானேன் என்று கேட்கலாம். 1960 வரை அந்த வாதம் செல்லும். அந்த ஆண்டு ஏர் இந்தியாவுக்கு போயிங் 707 வந்தது. மணிக்கு 900 கிலோமீட்டரை ஒட்டிய வேகம். இன்றைய விமானங்களும் ஏறத்தாழ அதே வேகத்தில்தான் பறக்கின்றன. பாதுகாப்புச் சோதனைக்காக மூன்று மணி நேரம் முன்னதாகவே வரச் சொல்வதையும் கூட்டினால், விமானத்தால் பிறகு மிச்சமானது ஒன்றுமில்லை. நமக்கு மிச்சமான நேரம் சேலம்–உளுந்தூர்ப்பேட்டை நான்குவழிச் சாலை தந்தது.

அப்படியானால் பக்கத்திலேயே விமான நிலையம் வேண்டும் என்பார்கள். சேலம் காமலாபுரத்தில் 1993 முதல் ஒன்று இருக்கிறது. சிறு நகரங்களை விமானத்தால் இணைக்கும் உடான் திட்டத்தில் 2018 மார்ச்சில் சென்னைக்கு விமானம் விட்டார்கள், 2021இல் நின்றது, 2023 அக்டோபரில் மறுபடி தொடங்கியது. கிழக்கே போக வேண்டியவர் நூறு கிலோமீட்டர் போல மேற்கே போய், காத்திருந்து, ஒரு மணி நேரம் பறந்து, சென்னையில் இன்னொரு விமானத்துக்குக் காத்திருப்பதில் என்ன லாபம்? அதற்குள் பஸ்ஸே சென்னை போய்விடும். திருச்சியின் கதை வேறு. சென்னையைவிடக் கிட்டத்தில் இருக்கிறது. சிங்கப்பூருக்கும் கோலாலம்பூருக்கும் நேரடி விமானமும் உண்டு. நேரத்தைக் குறைப்பது ஓடுதளத்தின் அருகாமை அல்ல, அங்கிருந்து போக வேண்டிய ஊருக்கே விமானம் இருப்பது. இரண்டாம் உலகப் போர்க் காலத்து ஓடுதளம் உளுந்தூர்ப்பேட்டையில் கிடக்கிறது. அதைப் புதுப்பிக்கும் பேச்சு வருவதும் போவதுமாக இருக்கிறது. அங்கிருந்து சென்னைக்குச் சிறு விமானம் விடுவதுதான் திட்டமென்றால் அது வீண் செலவு. அதற்கு முன், வெள்ளிமலையிலிருந்து இறங்கியும் கச்சிராயபாளையத்திலிருந்தும் வருகிறவர்களுக்காக, கள்ளக்குறிச்சியிலிருந்து திருச்சி விமான நிலைய வாசலுக்கே, விமானம் புறப்படும் நேரத்துக்குப் பொருந்த, அரசு ஒரு பஸ் விடட்டும்.