பூன் லேக்கு முன்னால்

இன்று நாம் வாழும் பூன் லே வட்டாரத்தில், பழைய நில அளவை வரைபடங்கள் ரப்பர்த் தோட்டங்களையும் சதுப்பு நிலத்தையும் குன்றுகளையும் காட்டுகின்றன. தோட்ட முதலாளி சியூ பூன் லேயின் பெயரே ஊருக்கு நிலைத்தது. 1961 முதல் ஜூரோங் தொழிற்பேட்டைக்காகக் குன்றுகளை வெட்டிச் சதுப்பை நிரப்பினார்கள்.

நகரத்திலும் இதே கதைதான். ஜாக்சனின் 1822ஆம் ஆண்டு நகரத் திட்டப் படத்தில், சிங்கப்பூர் ஆற்றோரம் நம் முன்னோருக்கென ‘சூலியா கம்போங்’ குறிக்கப்பட்டுள்ளது. தெலுக் ஆயர் நாகூர் தர்கா கட்டப்பட்டபோது அதன் எதிரே கடல் இருந்தது.

மறைந்த தெருவை வரைபடம் காட்டும். அங்கே யார் வாழ்ந்தார்கள் என்பதை நம் வீட்டுப் பெரியவர்களே சொல்ல முடியும். தேசிய ஆவணக் காப்பகத்திலுள்ள படங்களை அவர்களிடம் காட்டி, அவர்கள் நம்மோடு இருக்கும்போதே கேட்டு எழுதிவைப்போம்.