சூதாட்ட நாள்

சூதாட்ட நாள் என்பது அமெரிக்கச் சூதாட்டக் கூடங்கள் தம் கணக்குகளை முடிக்கும் 24 மணி நேரப் பொழுது. கூடங்கள் இரவு பகலாக இயங்குவதால் இது நள்ளிரவில் முடிய வேண்டியதில்லை, விடியற்காலையிலும் முடியலாம்.

1934-ஆம் ஆண்டு வருவாய்ச் சட்டம், சூதாட்ட இழப்பை வென்ற தொகையின் அளவுக்கு மட்டுமே கழிக்க அனுமதித்தது. 1977-இல் வரித்துறை, ஆடுபவர்கள் தேதி, ஆட்ட வகை, இடம், வென்றதும் இழந்ததும் ஆகியவற்றை நாட்குறிப்பில் எழுதிவர அறிவுறுத்தியது. ஸ்லாட் இயந்திரத்தில் ஒவ்வொரு சுழற்சியையும் எழுதுவது நடைமுறையில் இயலாது. ஆகவே, ஒரு கூடத்தில் ஒரே வகை ஆட்டத்தை ஒரு நாளில் ஆடியதை ஒரே அமர்வாகக் கொள்ளலாம் என வரித்துறை 2015-இல் முன்மொழிந்தது. அந்த அமர்வு நள்ளிரவைத் தாண்டாது.

இதன் விளைவு சிறியதன்று. இரவு 10 மணி முதல் ஆடி 500 டாலர் வென்று, நள்ளிரவுக்குப் பின் அதை முழுதும் இழந்தவர் வெறுங்கையுடன் திரும்புகிறார். கணக்கிலோ முதல்நாள் வெற்றி, மறுநாள் இழப்பு. செலவினங்களைத் தனித்தனியே காட்டாமல் பொதுக்கழிவு பெறுபவரால் அந்த இழப்பைக் கழிக்க முடியாது. வெற்றிக்கு மட்டும் வரி உண்டு.

கூடங்களுக்கு அளவுகோல் வேறு. ஒரே சூதாட்ட நாளில் ஒருவரது ரொக்கப் பரிமாற்றம் 10,000 டாலரைத் தாண்டினால் அவை அரசுக்கு அறிவிக்க வேண்டும். இவ்வாறு, ஒரே இரவு ஆடியவரின் ஏட்டில் இரு நாளாகவும் கூடத்தின் ஏட்டில் ஒரு நாளாகவும் பதிவாகலாம்.