செம்மண் சரளையில் ஒரு குடும்பம்

ஊரை விட்டுப் புறப்பட்ட நாளை நம்மில் யாரும் எளிதில் மறப்பதில்லை. எதனை எடுத்துச் செல்வது, எதனை விட்டுச் செல்வது என்று அன்றிரவு எழுந்த வழக்குப் பல வீடுகளில் இன்னும் தீர்ந்தபாடில்லை. விட்டுவந்த அம்மிக்கல்லை நினைத்துப் பெருமூச்செறியும் பாட்டிமார் தில்லியிலும் உண்டு, நாகபுரியிலும் உண்டு. அத்தகைய புறப்பாடு ஒன்றினையே சிலையாக்கி நிறுத்திய சிற்பி ஒருவர் வங்கத்தில் வாழ்ந்தார். ராம்கிங்கர் பைஜ் என்பது அவர் பெயர்.

அவர் 1906-ஆம் ஆண்டில் பாங்குராவில் எளிய நாவிதர் குடும்பமொன்றில் பிறந்தார். ஊரில் பதுமை செய்வோர் மண் பிசைவதைக் கண்டு கைத்திறன் பெற்றார். ஒத்துழையாமை இயக்க நாட்களில் தேசத் தலைவர்களின் உருவங்களை வரைந்து தந்தார். அவ்வூரில் தோன்றிய பத்திரிகாசிரியர் ராமானந்த சட்டர்ஜி இளைஞரின் திறமையை உணர்ந்தார். 1925-இல் சாந்திநிகேதனம் செல்ல வழி செய்தார். வங்கத்துக்குள்ளேயே நேர்ந்த இடமாற்றந்தான்; ஆயினும் நாவிதர் வீட்டுப் பிள்ளைக்கு அது வேறோர் உலகம். நந்தலால் போஸின் மாணவராகச் சேர்ந்தவர், பின்னர் அங்கேயே ஆசிரியராகி, வாழ்நாள் முழுவதையும் அம்மண்ணிலேயே கழித்தார்.

சிற்பிக்குக் கல் வேண்டும், அல்லது வெண்கலம் வேண்டும். இரண்டுக்கும் பணம் வேண்டும். கலாபவனத்து ஆசிரியரிடம் அது ஏது? ஆனால் காலடியில் செம்மண் சரளை வேண்டுமளவு கிடந்தது. இரும்புக் கம்பிகளால் எலும்புக்கூடு போல ஒரு சட்டம் கட்டினார். சரளையையும் சிமெண்டையும் குழைத்து, கை கையாக அள்ளி அதன்மேல் வீசி எறிந்தார். கலவை இறுகுமுன் உளி கொண்டு செதுக்கினார். ஓலைத் தொப்பியணிந்து, கொளுத்தும் வெயிலில், உரத்த குரலில் பாடிக்கொண்டே வேலை செய்வது அவர் வழக்கம். வழவழப்பை அவர் நாடவில்லை. அருகே சென்று பார்த்தால் சிலையின் மேனியெங்கும் சரளை துருத்திக்கொண்டிருப்பதைக் காணலாம். இதனைக் குறையென்பாரும் உளர். நமக்கு அது நிறைவாகவே தோன்றுகிறது.

1935-இல் மரங்களினூடே நெடிது மெலிந்த பெண்ணுருவம் ஒன்றைச் சமைத்தார். அதற்கு முன்மாதிரியாயிருந்தவர் சென்னையில் பிறந்து அங்கே பயின்ற ஜயா அப்பாசாமி என்பர். பிற்காலத்தில் கலை விமரிசகராகப் புகழ்பெற்றவர் அவர். நந்தலாலின் யோசனைப்படி தலையில் ஒரு பாயசக் கலயம் ஏறிற்று. ஜயா, புத்தருக்கு அமுதளித்த சுஜாதை ஆனாள். தமிழ்ப் பெண்ணொருத்தி வங்கத்தில் பௌத்த மங்கையாய் நிற்கும் விந்தை இது.

நாம் முதலிற் சொன்ன சிலை 1938-இல் எழுந்தது. சந்தால் குடும்பம் ஒன்று பிழைப்பு நாடிப் புறப்படுகிறது. ஆணின் தோளில் காவடித் தண்டு. தொங்கும் கூடையில் குழந்தை. பக்கத்தில் மனைவி நடக்கிறாள். நாயும் உடன் வருகிறது. அவர்களுடைய உடைமை அவ்வளவே. ஆளுயரத்தினும் பெரிய இவ்வுருவங்களில் அழுகையில்லை, தளர்ச்சியுமில்லை. நடை மட்டும் இருக்கிறது. அரசர்க்கும் அதிகாரிகட்கும் சிலை எழுப்பிய காலத்தில், கூலிக்குச் செல்லும் குடும்பத்தைத் திறந்த வெளியில், அவர்கள் நடக்கும் மண்ணைக்கொண்டே நிறுத்தினார். நம் நாட்டில் பொதுவிடத்தில் எழுந்த முதல் நவீனச் சிற்பம் இதுவே எனக் கலை வரலாற்றாசிரியர் கருதுகின்றனர். 1956-இல் ஆலைச் சங்கொலி கேட்டு ஓடும் சந்தால் பெண்களையும் அவ்வாறே வடித்தார். ஈரச்சேலை காற்றில் பறக்க, அவர்கள் இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறார்கள்.

தில்லியில் வாழ்வோர் அவர் கைவண்ணத்தை நாடாளுமன்றத் தெருவிலேயே காணலாம். ரிசர்வ் வங்கி வாயிலின் இருபுறமும் நிற்கும் யக்ஷனும் யக்ஷியும் அவர் படைத்தவை. காங்க்ரா பள்ளத்தாக்கில் பைஜ்நாத் அருகே கல் தேடிப் பிடித்து, 1950-களில் ஏற்ற பணியை 1967-இல் முடித்தார். யக்ஷனுக்கு மதுரா அருங்காட்சியகத்துப் பழஞ்சிலையே முன்மாதிரி. ஆயினும் அவன் கையிலிருப்பது ஆலையின் பற்சக்கரம்! யக்ஷியின் ஆடையின்மை குறித்துக் கண்டனக் குரல்களும் எழுந்தன.

1970-இல் பத்மபூஷண் விருது வந்தது. வாழ்க்கை மாறவில்லை. 1975-இல் ரித்விக் கட்டக் அவரைப் பற்றிப் படமெடுக்கச் சென்றபோது, வீட்டுக் கூரை ஒழுகிக்கொண்டிருந்தது. வைக்கோல் வேயப் பணமில்லை. தாம் தீட்டிய எண்ணெய்வண்ணச் சித்திரங்களைக் கூரையில் செருகி மழையைத் தடுத்திருந்தார் ராம்கிங்கர். எண்ணெய்ச் சாயம் பூசிய துணியில் நீர் இறங்காதல்லவா?