இணையத் தொலைக்காட்சி

இணையத் தொலைக்காட்சி என்பது கேபிளிலும் டிஷ்ஷிலும் வரும் சேனல்களோடு நில்லாமல், வீட்டு இணைய இணைப்பின் வழியே படங்களையும் நேரலைகளையும் தானே வரவழைத்துக் காட்டும் பெட்டி. கடையில் ஸ்மார்ட் டிவி என்றே கேட்கிறார்கள். பின்மூடியைக் கழற்றினால் உள்ளே பெரிதாக ஒன்றும் இல்லை: திரைப் பேனல், அதன் பின்னால் எல்.இ.டி. பேக்லைட், பவர் போர்டு, மெயின் போர்டு. இந்த மெயின் போர்டுதான் இதைச் சாதாரண டிவியிலிருந்து பிரிக்கிறது. அதில் பிராசஸர், ரேம், சேமிப்பகம், வைஃபை எல்லாம் இருக்கும். ஆண்ட்ராய்டு டிவி, சாம்சங்கின் டைசன், எல்.ஜி.யின் வெப்ஓஎஸ் போன்ற இயங்குதளங்களில் ஒன்று அதில் ஓடும்.

கும்மிடிப்பூண்டி, திருவள்ளூர் பக்கத்து வீடுகளுக்கு இணையம் வருவது பெரும்பாலும் கம்பம் கம்பமாக இழுத்துக் கட்டிய ஃபைபர் வழியாக. இல்லையென்றால் செல்பேசி ஹாட்ஸ்பாட். ஒரே ஃபைபரைப் பிரிப்பான் வைத்துப் பல வீடுகளுக்குப் பகிர்கிறார்கள். இணையத்துக்கு ஓர் ஒளி அலைநீளம், கேபிள் சேனல்களுக்கு வேறொன்று என்று ஒரே இழையில் இரண்டையும் அனுப்ப முடிவதால், கேபிள்காரரே இணையமும் தருவது இங்கே சகஜம். சாலை தோண்டும் இயந்திரமோ உயரமான லாரியோ இழையை அறுத்துவிட்டால், வீட்டிலிருக்கும் ஃபைபர் பெட்டியில் ‘லாஸ்’ விளக்கு சிவப்பாக எரியும். டிவியில் என்ன அமைப்பை மாற்றினாலும் அப்போது பயனில்லை.

4கே திரையில் சுமார் 83 லட்சம் புள்ளிகள். நொடிக்கு 60 படம் என்ற கணக்கில் அதைச் சுருக்காமல் அனுப்பினால் நொடிக்கு ஏறத்தாழ 12 ஜிகாபிட் தேவைப்படும். சாதாரண வீட்டு இணைப்பு எதுவும் தாங்காது. எச்.264, எச்.இ.வி.சி., ஏவி1 போன்ற கோடெக்குகள், முந்தைய படத்திலிருந்து மாறிய பகுதியை மட்டும் சொல்லி மாறாததை விட்டுவிடும் உத்தியால் அதைப் பல நூறு மடங்கு குறைக்கின்றன. முழு எச்.டி.க்கு நொடிக்கு 5 மெகாபிட், 4கே-க்கு 15 மெகாபிட் என்று நெட்ஃபிளிக்ஸ் பரிந்துரைக்கிறது.

படம் ஒரே ஓட்டமாக வருவதும் இல்லை. ஒவ்வொரு படமும் சில நொடித் துண்டுகளாக வெட்டப்பட்டு, ஒவ்வொரு துண்டும் பல தரங்களில் சர்வரில் தயாராக இருக்கும். முந்தைய துண்டு வந்து சேர்ந்த வேகத்தைப் பார்த்து, அடுத்ததை எந்தத் தரத்தில் கேட்பது என்று டிவியே முடிவெடுக்கும். மாலையில் தெருவே ஒரே நேரத்தில் பார்க்கும்போது படம் மங்கலாகிப் பிறகு தெளிவதற்குக் காரணம் இதுதான். முன்கூட்டி வாங்கிவைத்த துண்டுகளும் தீர்ந்துவிட்டால் திரை நடுவே வட்டம் சுற்றும். நேரலை கிரிக்கெட் ஆப்பில் பிந்தி வருவதற்கு இந்தச் சேமிப்பும் ஒரு காரணம். டிஷ் வைத்திருக்கும் பக்கத்து வீட்டில் விக்கெட்டுக்குக் கூச்சல் எழுந்த பிறகே இங்கே பந்து வீசப்படும்.

பெட்டியின் மேல் 4கே என்று அச்சிட்டிருப்பதை மட்டும் நம்பி வாங்குவது சரியல்ல. கட்டண ஆப்கள் தங்கள் படங்களைப் பூட்டி அனுப்புகின்றன. அந்தப் பூட்டைத் திறக்கும் சான்று பெறாத மலிவு டிவிகளில் அதே படம் குறைந்த தரத்தில்தான் ஓடும், அல்லது ஆப்பே திறக்காது.

தமிழ்நாட்டில் 2006-இல் தொடங்கிய இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டம் 14 அங்குலப் பெட்டிகளை ஏழை வீடுகளுக்குக் கொண்டுபோனது. 2011-இல் அரசு கேபிள் மாதம் 70 ரூபாய்க்குச் சேனல்களைத் தந்தது. 2024-இல் பி.எஸ்.என்.எல். தன் ஃபைபர் வாடிக்கையாளர்களுக்கு ஐ.எஃப்.டி.வி. என்ற இணையத் தொலைக்காட்சிச் சேவையைத் தமிழ்நாட்டிலும் மத்தியப் பிரதேசத்திலும் முதலில் தொடங்கியது. சேனல்கள் அந்நிறுவனத்தின் சொந்த வலையமைப்புக்குள்ளேயே வருவதால் வாடிக்கையாளரின் டேட்டா குறையாது.

தொழிற்பேட்டைப் பகுதியில் இந்தப் பெட்டியின் பயன் சற்று வேறு. நைட் ஷிஃப்ட் முடித்துக் காலையில் வருபவர் முந்தைய இரவின் சீரியலை அப்போது பார்த்துக்கொள்ளலாம். கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையின் இரும்பு ஆலைகளில் வேலை செய்யும் ஒடிசா, பீகார் தொழிலாளர்களுக்கு, உள்ளூர் கேபிள் தொகுப்பில் அரிதாகவே கிடைக்கும் ஒடியா, போஜ்புரிப் படங்கள் யூடியூபில் தாராளமாகக் கிடைக்கின்றன. கேபிள் தொகுப்பு ஊரின் பெரும்பான்மை மொழியைப் பார்த்து அமைகிறது. ஆப்புக்கு அந்தக் கட்டாயம் இல்லை.

இந்த வட்டாரத்தைச் சுற்றியே உற்பத்தியும் நடக்கிறது. தெற்கே ஸ்ரீபெரும்புதூரில் சாம்சங் ஆலை. திருவள்ளூர் வழியாகச் செல்லும் நெடுஞ்சாலையில் தொடர்ந்து போனால் வரும் திருப்பதியில் டிக்சன் ஆலை. ஷாவ்மி டிவிகளை அங்கே தயாரிக்கும் ஏற்பாடு 2018-இல் வந்தது. பழைய டிவியின் எச்.டி.எம்.ஐ. துளையில் செருகி அதை ஸ்மார்ட் டிவியாக்கும் ஃபயர் டிவி ஸ்டிக்கை, ஃபாக்ஸ்கானின் துணை நிறுவனம் மூலம் சென்னையில் தயாரிக்கப்போவதாக அமேசான் 2021-இல் அறிவித்தது. ஆனால் டிவியின் விலையில் பெரும்பங்கு வகிக்கும் ‘ஓப்பன் செல்’ எனப்படும் பேனல் இன்னும் பெரும்பாலும் இறக்குமதிதான். அதன் மீதான சுங்க வரி 2019 செப்டம்பரில் நீக்கப்பட்டு, 2020 அக்டோபரில் 5 விழுக்காடாகத் திரும்பியது.  32 அங்குலத்துக்கு மேற்பட்ட டிவிகளின் ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 28-இலிருந்து 18 விழுக்காடானது.

பேனல் நன்றாக இருக்கும்போதே இயங்குதளம் பழசாகிவிடுவது இந்தப் பெட்டிகளின் பெரிய குறை. அப்டேட் நின்றதும் ஆப்கள் ஒவ்வொன்றாக மறுக்கத் தொடங்கும்; அந்த நிலையில் புது டிவியை விட ஒரு ஸ்டிக் மலிவு. இன்னொன்று, திரையில் ஓடுவதை அடையாளம் கண்டு நிறுவனத்துக்குத் தெரிவிக்கும் வசதி. பார்ப்பவரின் ஒப்புதலின்றி இப்படித் தகவல் திரட்டியதற்காக அமெரிக்காவில் விஜியோ நிறுவனம் 2017-இல் 22 லட்சம் டாலர் கட்ட வேண்டியிருந்தது. செட்டிங்ஸில் தனியுரிமைப் பகுதிக்குப் போய் இதை அணைத்துவைக்கலாம். அணைத்தாலும் படத்தின் தரம் குறையாது.