வறண்ட நாளில் கொடுத்தவர்கள்

கச்சி மாநகர் மழையின்றி வாடியபோது, அமுதசுரபியை ஏந்தி மணிமேகலை அங்கு வந்தாள் என்று சாத்தனாரின் காப்பியம் கூறுகிறது. அள்ள அள்ளக் குறையாத பாத்திரம் அது. அதற்குக் கணக்கு எழுத வேண்டியதில்லை. கொடுத்தவர் வாசலில் மீண்டும் போய் நிற்க வேண்டியதுமில்லை. காப்பியத்தை விட்டு வரலாற்றுக்குள் வந்தால், அதே காஞ்சி மண்ணில் பசித்தோர்க்கு உணவளித்தவை எல்லாம் அடி தெரியும் பாத்திரங்களே. அவற்றை யார் நிரப்பினார்கள், ஒருமுறை நிரப்பியவர் மறுமுறையும் ஏன் நிரப்பினார் என்பதை எண்ணிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

காஞ்சிபுரத்திலிருந்து வாலாஜாபாத் செல்லும் சாலையில் ஐயம்பேட்டை இருக்கிறது. தறியை நம்பி வாழும் ஊர். இத்தகைய ஊரில் அறப்பணி செய்வோர்க்கு ஒரு தனித் தொல்லை உண்டு. காலம் கெட்டால் மக்கள் முதலில் நிறுத்துவது துணி வாங்குவதைத்தான். அரிசி விலை ஏறினால் புடவை விற்காது. புடவை விற்காவிட்டால் பாவு ஓடாது. பாவு ஓடாவிட்டால் நெசவாளிக்கும் கூலியில்லை, அவருக்கு நூல் கொடுத்த முதலாளிக்கும் வரவில்லை. நேற்றுவரை கோயிலுக்கும் சத்திரத்துக்கும் கொடுத்து வந்த கை, கேட்கிற கையாக மாறிவிடுகிறது. கேட்போர் பெருகும் அதே நாளில் கொடுப்போர் அருகுகின்றனர்.

நம் முன்னோர் இதை அறியாதவர்கள் அல்லர். வணிகச் சமூகங்களில் மகமை என்றொரு வழக்கம் இருந்தது. இன்றும் சில இடங்களில் இருக்கிறது. விற்ற மூட்டைக்கு இவ்வளவு, நடந்த கொள்முதலுக்கு இவ்வளவு என்று ஒரு சிறு பங்கு பொதுக்காரியத்துக்குத் தானாகப் பிரிந்துவிடும். இல்லங்களிலோ பிடியரிசி. உலை வைக்குமுன் ஒரு பிடியைத் தனிக்கலத்தில் போட்டு வைப்பார்கள். இரண்டும் அருமையான ஏற்பாடுகள். யாரும் யாரிடமும் கெஞ்ச வேண்டியதில்லை. ஆனால் வாணிகம் படுத்தால் மகமையும் படுத்துவிடும். உலைக்கே அரிசியில்லாத வீட்டில் பிடியரிசி ஏது? ஊருக்குள்ளேயே சுற்றிவரும் தருமம், ஊர் முழுவதும் விழும்போது தானும் விழுந்துவிடுகிறது.

1780ஆம் ஆண்டு அப்படி விழுந்தது. ஐதர் அலியின் படை கருநாடகப் பகுதிக்குள் நுழைந்தது. செப்டம்பரில் காஞ்சிபுரத்தை அடுத்த புள்ளலூரில் கும்பினியாரின் படை முறியடிக்கப்பட்டது. போரினால் வயல்கள் பாழாயின. பிழைத்தோர் சென்னைப் பட்டணத்தை நோக்கி நடந்தனர். அவர்களுக்கென்று 1782இல் பட்டணத்தின் வடபகுதியில் பொதுமக்கள் நிதியைக்கொண்டு கஞ்சி வார்க்கத் தொடங்கினர். அதுவே மணியக்காரர் சத்திரம். போரும் பஞ்சமும் ஓய்ந்த பின்னரும் அது மூடப்படவில்லை. முதியோர்க்கும் நோயுற்றோர்க்கும் புகலிடமாகத் தொடர்ந்தது. அதனையொட்டி வளர்ந்த மருத்துவமனையே இன்றைய ஸ்டான்லி மருத்துவமனை. வடசென்னையின் முதியவர்கள் அதனைக் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்றே சொல்வார்கள். கொடுத்தவர்களின் பெயர்கள் மறைந்துபோயின. கஞ்சித்தொட்டி மட்டும் மக்கள் நாவில் நின்றுவிட்டது!

ஆயினும் நாம் நின்று பார்க்க வேண்டியது 1876 முதல் 1878 வரை நீடித்த பெரும் பஞ்சத்தைத்தான். தாது வருடப் பஞ்சம் என்று நம் பாட்டிமார் சொல்லிவந்தது இதுவே. 1876இல் பருவமழை பொய்த்தது. தானிய விலை பன்மடங்கு உயர்ந்தது. 1877 சனவரி முதல் நாள் தில்லியில் வைசிராய் லிட்டன் பிரபு விக்டோரியாவைப் பேரரசியாக அறிவிக்கும் விழாவை நடத்திக்கொண்டிருந்தார். அதே மாதத்தில் அரசாங்கத்தின் பிரதிநிதியாகத் தென்னாடு வந்த ரிச்சர்டு டெம்பிள், நிவாரண வேலை செய்வோர்க்கு நாளொன்றுக்கு ஒரு இராத்தல் தானியமும் ஓரணாவும் போதும் என்று குறைத்தார். சென்னை மாகாணத்தின் சுகாதார ஆணையராக இருந்த டாக்டர் கார்னிஷ், இது உழைக்கும் மனிதனின் உயிரைத் தாங்காது என்று வாதாடினார். இந்தப் பஞ்சத்தில் பிரித்தானிய இந்தியாவில் மாண்டவர் ஏறத்தாழ 55 இலட்சம் என்று கணிக்கப்படுகிறது.

1877 ஆகஸ்டில் சென்னை ஆளுநர் பக்கிங்காம் பிரபுவின் தலைமையில் கூட்டம் கூடி, இலண்டன் மாநகரத் தலைவருக்கு உதவி வேண்டித் தந்தி அனுப்பினார்கள். (சென்னையில் இன்று சாக்கடையாகக் கிடக்கும் பக்கிங்காம் கால்வாயின் ஒரு பகுதி, அந்தப் பஞ்ச காலத்தில் பசித்தோரைக்கொண்டு வெட்டப்பட்டதே.) லிட்டன் பிரபுவுக்கு இந்த முறையீடு பிடிக்கவில்லை. அரசாங்கம் தன் கடமையைச் செய்யவில்லை என்று உலகம் எண்ணிவிடுமே என்ற கவலை அவருக்கு. கொடுப்போர் மனத்திலும் இதே ஐயம் எழுந்திருக்கக்கூடும்: அரசு இருக்க நாம் எதற்கு? நம் காலத்தில் அறப்பணிக்குக் காணிக்கை கேட்டுச் செல்கிறவர்களும் இந்தக் கேள்வியைச் சந்தித்திருப்பார்கள்.

அதற்குச் சென்னைக் குழு கண்ட விடை நுட்பமானது. அரசின் வேலைத்தளங்களும் முகாம்களும் யாரை எட்டவில்லையோ அவர்களுக்கே இந்நிதி என்று வரையறுத்துக் கொண்டார்கள். முகாமுக்கு வர இயலாத கோஷாப் பெண்கள், மானத்துக்கு அஞ்சி வாய்திறவாமல் வீட்டுக்குள்ளேயே வாடிய நடுத்தரக் குடும்பத்தார், அனாதைக் குழந்தைகள், மழை பெய்தபின் விதையும் உழவுமாடும் இல்லாமல் நின்ற சிறு விவசாயிகள் ஆகியோரே இந்நிதிக்கு உரியவர்கள். தம் பணம் அரசின் கருவூலத்துக்குப் பதிலாகச் செலவாகவில்லை, அரசு விட்ட இடத்தில் விழுகிறது என்பது கொடுத்தவருக்குத் தெரிந்தது.

அக்குழுவின் மதிப்புறு செயலாளர் வில்லியம் டிக்பி என்ற பத்திரிகையாளர். மெட்ராஸ் டைம்ஸ் ஏட்டின் ஆசிரியர். அதற்குமுன் இலங்கையில் பணியாற்றியவர். பத்திரிகைக்காரரிடம் நிதிக்குழுவின் பேனாவைக் கொடுத்தது நல்ல முடிவு என்றே நாம் கருதுகிறோம். ஏறத்தாழ 120 உள்ளூர்க் குழுக்கள் வழியாகப் பணம் பங்கிடப்பட்டது. எங்கே என்ன நடந்தது என்பதையெல்லாம் டிக்பி தொகுத்தார். 1878இலேயே அந்தப் பஞ்சத்தின் வரலாற்றை இரண்டு தொகுதிகளாக வெளியிட்டும்விட்டார். திரண்ட தொகை சுமார் 8,20,000 பவுன்.

இத்தொகையைவிட நம் கவனத்தை ஈர்ப்பது வேறொன்று. அவ்வாண்டின் இறுதியில் மழை பெய்து நிலைமை சற்றே தெளிந்ததும், நவம்பரில், இனிப் பணம் வேண்டியதில்லை என்று சென்னையிலிருந்து இலண்டனுக்குத் தந்தி போயிற்று. பணம் வந்துகொண்டிருக்கும்போதே போதும் என்று சொன்ன நிதிக்குழுக்கள் வரலாற்றில் எத்தனை இருக்கும்? பசி முற்றிலும் தீர்ந்துவிடவில்லை; காய்ச்சலும் சாவும் மறு ஆண்டும் தொடர்ந்தன. ஆகவே அந்தத் தந்தி சற்று முந்திப் போய்விட்டதோ என்று வாதிடவும் இடமுண்டு. ஆனால் தேவை உள்ளவரை கேட்டார்கள், போதுமென்று பட்டபோது அதையும் சொன்னார்கள் என்னும் நம்பிக்கை கொடுத்தவரிடம் எஞ்சியது. ஓயாமல் அவலத்தையே காட்டிப் பணம் கேட்கும் நிறுவனத்தின் கடிதத்தை, மூன்றாம் முறை யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை.

நெசவாளர் நிலை என்ன? வேலைத்தளத்தில் கல்லுடைக்கப் போனால் அன்றைய கஞ்சி கிடைக்கும். ஆனால் காய்த்துச் சொரசொரத்த விரல் பட்டு இழையைத் தொட்டால் இழை சிக்கும், அறும். பஞ்சம் தீர்ந்தபின் அவர் தறிக்குத் திரும்ப வழியிராது. எனவே நூலைக் கொடுத்து அவரவர் தறியிலேயே வேலை தருவதே முறை என்ற எண்ணம் வலுப்பெற்று, பின்னாளில் எழுதப்பட்ட பஞ்ச விதித்தொகுப்புகளிலும் இடம்பெற்றது. ஐயம்பேட்டை போன்ற ஊரில், விழுந்த கொடையாளி மீண்டும் கொடையாளியாவதற்கும் இதுவே வழி.

தொலைவிலிருந்து கொடுப்பவரைப் பிணைத்து வைக்கும் கலையைக் கத்தோலிக்க உலகம் வேறொரு வகையில் கண்டது. 1822இல் பிரான்சின் லியோன் நகரில் தொடங்கிய விசுவாசப் பரப்புதல் சங்கத்துக்கு வித்திட்டவர் பவுலின் ஜாரிக்கோ என்னும் இளம்பெண். பட்டாலைத் தொழிலாளரிடையே அவர் கண்ட முறை எளியது: ஆளுக்கு வாரம் ஒரு சல்லிக்காசு, பத்துப் பேருக்கு ஒருவர் பொறுப்பு, பத்துப் பத்துகளுக்கு இன்னொருவர். பணம் சென்ற நாடுகளிலிருந்து மறைபரப்பாளர் எழுதிய கடிதங்கள் அச்சாகி, கொடுத்தவர் கைக்கே திரும்பி வந்தன. பட்டு நெய்த கைகள் வாரந்தோறும் கொடுத்த காசு என்பது காஞ்சி வட்டாரத்தில் வாழும் நமக்குத் தனி நெருக்கம் உடைய செய்தி.

இதற்கும் மூலம் திருத்தூதர் காலத்திலேயே உண்டு. கிளாதியு பேரரசரின் நாளில் பஞ்சம் வந்தபோது அந்தியோக்கியச் சபை யூதேயாவுக்கு உதவி அனுப்பியதைத் திருத்தூதர் பணிகள் நூல் சொல்கிறது. பின்னர் எருசலேமின் ஏழைகளுக்காகப் புனித பவுல் திரட்டிய காணிக்கையில் மூன்று செய்திகள் உள்ளன. வாரத்தின் முதல் நாளில் இயன்றதை ஒதுக்கிவைக்கச் சொல்கிறார். வறுமையிலேயே கொடுத்த மாசிதோனியரைக் கொரிந்தியர்க்கு எடுத்துக்காட்டுகிறார். பெருந்தொகையைக் கையாளுவதில் எவரும் குறை சொல்லாதபடி, சபைகளின் நம்பிக்கைக்குரியவர்களைத் தீத்துவோடு அனுப்புகிறார். திருத்தூதரே தம் சொல்லை மட்டும் நம்பச் சொல்லவில்லை!

2020 மார்ச்சில் கொரோனா ஊரடங்கு வந்தபோது காஞ்சித் தறிகள் நின்றன. ஆலயக் கதவுகளும் மூடின. ஞாயிறு திருப்பலிக் காணிக்கையும் நின்றது. அதே ஆண்டு செப்டம்பரில் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம் திருத்தப்பட்டது. அயல்நாட்டுப் பணத்தைத் தில்லியிலுள்ள பாரத ஸ்டேட் வங்கியின் ஒரே கிளையில்தான் பெற வேண்டும். பெற்றதை வேறொரு நிறுவனத்துக்கு மாற்றிக் கொடுக்கக்கூடாது. நிருவாகச் செலவு 50 விழுக்காட்டிலிருந்து 20 விழுக்காடாகக் குறைய வேண்டும் என்று விதிகள் இறுகின. பெரிய நிறுவனம் பெற்றுச் சிற்றூர்க் குழுக்களுக்குப் பிரித்தளிக்கும் வழி அடைபட்டது. 1877இன் 120 உள்ளூர்க் குழுக்களை இன்று அயல்நாட்டுப் பணத்தில் அந்த முறையில் நடத்த இயலாது. ஆகவே நம் பங்குகளும் சங்கங்களும் இனி உள்நாட்டுக் கொடையாளரையே, அதுவும் பெரும்பாலும் சிறு கொடையாளரையே, நாட வேண்டியிருக்கிறது.

சிறியவர் கொடுப்பாரா என்று ஐயுறுவோர்க்கு லங்காஷயரின் கதையைச் சொல்லலாம். 1861இல் அமெரிக்க உள்நாட்டுப் போர் மூண்டு பருத்தி வரத்து நின்றதும், அந்த ஆலைத் தொழிலாளர் இலட்சக்கணக்கில் பட்டினி கிடந்தனர். அவர்களுக்காக இந்தியாவிலும் நிதி திரட்டி அனுப்பினார்கள். அவ்வாண்டுகளில் இந்தியப் பருத்தியெல்லாம் கப்பலேறியதால் இங்கே நூல் விலை உயர்ந்து நம் கைத்தறியாளரும் தவித்தனர் என்பதையும் மறக்கலாகாது. 1877இல் சென்னையின் தந்தி இங்கிலாந்தை எட்டியபோது, தாராளமாகக் கொடுத்த பகுதிகளுள் லங்காஷயரும் ஒன்று. பட்டினியை அறிந்த ஆலை நகரங்கள் அவை. நம் ஊர்த் தறிகளோடு போட்டியிட்ட துணி நெய்யப்பட்டதும் அந்த நகரங்களில்தான்.